சாம்பலுக்கு மார்க் போட்டோம்

மூடச் சொன்னார்கள், மூடினோம். இதில் எங்கள் தப்பு என்ன என்று இன்றைக்கு வரைக்கும் எனக்கு விளங்கவில்லை.

ராயபுரத்தில் மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டி ஒரு பழைய குடோன். ஒரு காலத்தில் அதில் அரிசி மூட்டை இருந்தது, அப்புறம் உர மூட்டை இருந்தது, அப்புறம் புறா இருந்தது. இந்த வருஷம் புறாவை விரட்டி, வெள்ளையடித்து, விளக்குக் கட்டி, கலைத் திருவிழா என்று பேனர் போட்டார்கள். உள்ளே படம், பொம்மை, உத்தரத்திலிருந்து தொங்குகிற கம்பி, ஆளே இல்லாமல் பேசிக்கொண்டிருக்கிற டிவி. கனமான உருப்படிகளை இறக்கி நிறுத்த ஆள் வேண்டுமே. துறைமுகத்தில் லோடு வேலை பார்க்கிற எங்கள் கேங்கைக் கூப்பிட்டார்கள். மேஸ்திரி பொன்னுரங்கம், சுப்புராயன், நான். என் பேர் பரசுராமன். பரசு என்று கூப்பிட்டால்தான் திரும்புவேன்.

நாங்கள் இறக்கியதிலேயே பெரியது ஒரு படகு. கடலுக்கு ஆகாது என்று கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த பைபர் படகு. அதைக் கொண்டுவந்தவள் காத்திவாக்கத்துப் பெண் கார்குழலி. இறால் பிடிக்கிற வீட்டில் பிறந்து, ஓவியக் கல்லூரியில் படித்தவள். படகு நிறையச் சாம்பலை நிரப்பினாள். கரி எரித்து மின்சாரம் எடுக்கிற இடத்திலிருந்து குழாயில் ஓடி, குழாய் ஒழுகி, எண்ணூர் ஆற்றில் போய்ப் படிந்த சாம்பல். காய்ந்தால் மாவு, நனைந்தால் பசை. அந்தச் சாம்பலை மூட்டை மூட்டையாகச் சுமந்ததில் என் முதுகு என்னோடு பேச்சை நிறுத்திவிட்டது.

சாம்பலுக்கு மேலே பறிகளை அடுக்கினாள். பறி என்பது பிடித்த இறாலைப் போட்டுக்கொள்கிற சின்னப் பனையோலைக் கூடை. அவள் தெருவில் வீடு வீடாகப் போய், ஆற்றில் இறங்குகிற பெண்களிடம் கேட்டு வாங்கி வந்தவை. ஒவ்வொரு பறியிலும் இறால் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல். ஒவ்வொன்றிலும் அதற்குச் சொந்தக்காரியின் பேர் எழுதிய அட்டை. அவ்வளவுதான். பார்த்துவிட்டுச் சுப்புராயன், "இன்னா பரசு, இதுக்குப் பேரு கலையா? எங்க வூட்டு மொட்டமாடில இத்த விட ஜாஸ்தியா கீதே," என்றான். கார்குழலி அதைக் கேட்டு, "அதுதாண்ணா கலை," என்றாள். அவனுக்குப் புரியவில்லை. ஆனாலும் பெருமையாகத்தான் இருந்தான்.

திறப்பு விழா அன்று மத்தியானம் கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர் வந்து சுற்றிப் பார்த்தார்கள். கம்பெனி என்றால் விழாவுக்குப் பணம் போட்ட கம்பெனி. கரி எரிப்பதும் அவர்கள்தான். வாசலில் தொடங்கிக் கழிப்பறைக் கதவு வரைக்கும் அவர்கள் பேர்தான் மாட்டியிருந்தது. அந்தப் பேரை நான் இங்கே எழுத மாட்டேன். எழுதினால் இந்தக் கதைக்கும் ஒரு தார்ப்பாய் வந்துவிடும். படகின் முன்னால் அவர்கள் கொஞ்ச நேரம்தான் நின்றார்கள். பிறகு அருள்பிரகாசத்தைத் தனியாகக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள்.

அருள்பிரகாசம்தான் விழாவை நடத்துகிறவர். பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். மைக்கில் பேசினால் செய்தி வாசிப்பது மாதிரி இருக்கும். பதறினால் உள்ளே இருக்கிற பெரம்பூர் வெளியே வந்துவிடும். அன்றைக்குத் திரும்பி வரும்போதே பாதிப் பெரம்பூராகத்தான் வந்தார்.

"கார்குழலி, ஒரே ஒரு சின்ன மாற்றம். சாம்பல்னு போடாம மணல்னு போர்டு வெச்சிடலாமா?"

"மணல் இல்லியே சார்."

"பாக்க மணல் மாதிரிதாம்மா கீது."

"பாக்க விபூதி மாதிரி கூடத்தான் கீது. நெத்தியில இட்டுக்கிறீங்களா?"

சுப்புராயன் சிரித்துவிட்டான். அருள்பிரகாசம் அவனை முறைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "சரி, சாம்பல் மேல ஒரு நீலத்துணி போட்டுக்கலாம். அலை மாதிரி. ரெண்டு மீன் பொம்ம வெப்போம். சந்தோஷமா இருக்கும்."

"சார், அஞ்சு மணிக்கு எங்க தெருவே வேன் புடிச்சிகினு வருது. எங்கம்மா வருது. உம்பேரோட நிக்கும், வந்து பாருன்னு ஒவ்வொரு வூட்லயும் சத்தியம் பண்ணி வாங்கியாந்த பறி சார் இது. நீலத்துணியக் காட்டினா என்னைத் தெருவுக்குள்ள உடுவாங்களா? தொழில் சாமானத்த வாங்கிம்போயி நம்மள வெச்சி வெளயாடிட்டா பாருன்னுதான் சொல்லுவாங்க. ஜென்மத்துக்கும் சொல்லுவாங்க."

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "வாம்மா, ஆபீஸ் ரூம்ல உக்காந்து பேசலாம்," என்று அவளைக் கூட்டிக்கொண்டு போனார். படகை வெளியே எடுக்க வழியில்லை. அது உள்ளே வந்த பெரிய கதவுக்கு எதிரிலேயே மேடை போட்டாகிவிட்டது. அதனால் போகிறபோதே எங்களைத் திரும்பிப் பார்த்து, "இத்த மூடுங்கப்பா. ஒழுங்கா மூடுங்க," என்றார்.

ஒழுங்காக என்றார். அங்கேதான் வந்தது வினை.

எங்கள் தொழிலில் தார்ப்பாயைப் போட்டுக் கயிறு கட்டினால் அது பாதி மூடினது. மேலே மார்க் போட்டால்தான் முழுசாக மூடினது. உள்ளே என்ன இருக்கிறது, அனுப்பியது யார், போய்ச் சேர வேண்டியது யாருக்கு, எது மேல் பக்கம், எல்லாம் வெளியே தெரியும்படி எழுத வேண்டும். மார்க் இல்லாத உருப்படியை ஒருத்தனும் தொட மாட்டான். ஒரு தடவை மார்க் அழிந்துபோன பெட்டி ஒன்று ஷெட்டில் கிடந்தது. குண்டு என்றான் ஒருத்தன், பிணம் என்றான் இன்னொருத்தன். அந்தப் பக்கம் உட்கார்ந்து யாரும் சோற்றைப் பிரிக்கவில்லை. கடைசியில் திறந்து பார்த்தால் பெட்டி நிறையக் குழந்தைகள் குளிக்கிறபோது மிதக்கவிடுகிற மஞ்சள் வாத்து.

கேங்கில் மார்க் எழுதுவது என் வேலை. எழுத்து எனக்கு நாற்பது தாண்டித்தான் வந்தது. பெரிசு பெரிசாகத்தான் எழுத வரும்.

தார்ப்பாயை இழுத்துக் கட்டி முடித்து, கருப்புப் பெயிண்டில் பிரஷைத் தோய்த்தேன். "உள்ள இன்னா மேஸ்திரி?"

"படகு ஒண்ணு. சாம்பல். பறி," என்றார் பொன்னுரங்கம்.

எழுதினேன். "யாருக்கு?"

"பறியிலதான் பேரு கீதே. மொதல்ல குழலியோட அம்மா குப்பம்மா. அப்பால ஊர்க்காரங்க. காத்திவாக்கம்."

அதையும் எழுதினேன். "அனுப்பியவர்?"

"குழலிப் பொண்ணுதான்," என்றான் சுப்புராயன்.

மேஸ்திரி யோசித்தார். "படக அவ அனுப்புனா. சாம்பல அவளா அனுப்புனா? அது பாட்டுக்கு அவங்க வூட்டாண்ட வந்து வுழுந்த சரக்கு."

"அப்ப யாரு அனுப்புனது?"

மேஸ்திரி சுற்றிலும் பார்த்தார். தூணில் ஒன்று, சுவரில் ஒன்று, மேடைக்கு மேலே பனைமரத்து உயரத்துக்கு ஒன்று. எந்தப் பக்கம் திரும்பினாலும் கம்பெனியின் பேர்தான். "அவங்கதான், எழுது," என்றார்.

"பெரிய பேரா கீதே மேஸ்திரி. தப்பாயிடப் போவுது."

"அதோ, அவங்களே எழுதி மாட்டிக்கீறாங்க பாரு. பாத்து எழுது. ஒரு புள்ளி கூட உடாத."

சத்தியமாகக் குசும்பு இல்லை. பேனரை நிமிர்ந்து பார்த்து, குனிந்து எழுதி, மறுபடி நிமிர்ந்து பார்த்து, ஓர் எழுத்து பிசகாமல் எழுதினேன். கீழே 'லிமிடெட்' வரைக்கும் எழுதினேன். இவ்வளவு சுத்தமாக நான் மார்க் போட்டதே கிடையாது.

அலுவலக அறையிலிருந்து கார்குழலி கண் சிவந்து வந்தாள். தார்ப்பாயைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். "நீங்களுமா நைனா?" என்றாள் மேஸ்திரியிடம்.

மேஸ்திரிக்கு முகம் செத்துப்போயிற்று. "மூடச் சொன்னாரும்மா. நாங்க இன்னா பண்றது?"

அவள் படகைச் சுற்றி வந்தாள். நான் எழுதின பக்கம் வந்ததும் நின்றாள். படித்தாள். மறுபடியும் படித்தாள். அப்புறம் தரையில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்துச் சுப்புராயன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அவள் நிமிர்ந்தபோது சிரிப்பு தாங்காமல் கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"யாரு எழுதுனது?"

"நான்தாம்மா. தப்பு கீதா?"

"ஒண்ணு கூட இல்லண்ணா," என்றாள். ஆனால் சிரிப்பு அடங்கினதும் கடிகாரத்தைப் பார்த்தாள். "எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாதுண்ணா. அது வந்து பாத்தா வெறும் தார்ப்பாய்தான்."

நாலு மணிக்குக் கதவைத் திறந்தார்கள். காலேஜ் பிள்ளைகள் கும்பலாக வந்தார்கள். தொங்குகிற கம்பியை ஒரு பார்வை, பேசுகிற டிவியை ஒரு பார்வை, அப்புறம் நேராகத் தார்ப்பாய். கண்ணாடி போட்ட ஒரு பெண் என் எழுத்தைச் சத்தமாகப் படித்தாள். "உள்ளே: படகு, சாம்பல், பறி. பெறுபவர்: குப்பம்மா மற்றும் ஊரார், காத்திவாக்கம். அனுப்பியவர்:" என்று படித்து, கம்பெனிப் பேர் வந்த இடத்தில் நிறுத்தி, பின்னாலிருந்த பேனரைத் திரும்பிப் பார்த்தாள். "டேய் மச்சி, சான்ஸே இல்லடா!" என்று கத்தினாள். அவ்வளவுதான். ஒருத்தன் படம் எடுத்தான், பத்துப் பேர் எடுத்தார்கள், எல்லாரும் எடுத்தார்கள். மற்றக் கலைக்கெல்லாம் அன்றைக்கு நல்ல காற்றோட்டம்.

கூட்டத்தைப் பார்த்து அருள்பிரகாசம் ஓடி வந்தார். படித்தார். செய்தி வாசிக்கிற குரல் அந்த நிமிஷத்தோடு போனது.

"யோவ், இன்னாய்யா இது!"

"மார்க் சார்," என்றேன்.

"யார் போடச் சொன்னது?"

"ஒழுங்கா மூடச் சொன்னீங்களே."

"அய்யோ, இந்த எழுத்து யார் கண்ணுலயும் படக்கூடாது. எதையாவது மேல போட்டு மூடு. கம்பெனிப் பெரியவரு அஞ்சு மணிக்கு வராரு. என்னைப் பொரட்டி எடுத்துடுவாங்க."

பந்தலுக்கு வந்திருந்த வெள்ளைத் துணியை எடுத்துத் தார்ப்பாய் மேலே போட்டுக் கட்டினோம். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மேல் உறை போட்டால் உள் உறையில் இருக்கிற மார்க்கை மேலேயும் எடுத்து எழுத வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே என்னவோ என்று எவனாவது கத்தியைப் போட்டுக் கிழித்துவிடுவான். மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் பிரஷை எடுத்தேன். வெள்ளைத் துணியில் கருப்பு எழுத்து எப்படி நிற்கும் என்கிறீர்கள்! தார்ப்பாயில் எழுதியது இதன் பக்கத்தில் நிற்காது.

காலேஜ் பிள்ளைகள் கைதட்டினார்கள். எதற்குத் தட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் என் எழுத்துக்கு யாரும் அதுவரை கைதட்டினது இல்லை. கொஞ்சம் தலை சுற்றியது. கம்பெனிப் பேருக்குக் கீழே ஒரு கோடு வேறு இழுத்துவிட்டேன்.

அருள்பிரகாசம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மறுபடி வந்தார். "அந்த எழுத்து தெரியக் கூடாதுன்னு சொன்னேனா இல்லியா?"

"அந்த எழுத்து தெரியலியே சார். இது வேற எழுத்து," என்றான் சுப்புராயன்.

அவர் என் கையிலிருந்த பிரஷைப் பிடுங்கினார். பெயிண்ட் டப்பாவைப் பிடுங்கினார். சட்டையெல்லாம் கருப்பாகிவிட்டது. "கருப்பு பாலிதீன் போடுங்க. மேல ஒரு புள்ளி இருக்கக் கூடாது. புள்ளி!"

போட்டோம். புள்ளி இல்லை. ஆனால் இப்போது அது மார்க் இல்லாத உருப்படி. மார்க் போட முடியாத உருப்படி என்று ஒன்று இருந்தால், பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும். கேட்கிறவர்களுக்கு உள்ளே என்ன என்று வாயால் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் மழை நாளில் பெயிண்ட் பிடிக்காதபோது அப்படித்தான் செய்வோம். மேஸ்திரி சுப்புராயனைக் கையால் காட்டினார்.

இந்த வேலைக்கு அவனை விட்டது மேஸ்திரியின் தப்பு. அதை நான் ஒத்துக்கொள்கிறேன். சுப்புராயனிடம் மணி கேட்டால் கடிகாரம் எந்த ஊரில் செய்தது என்பதிலிருந்து ஆரம்பிப்பான். ஒருத்தி வந்து, "அண்ணா, உள்ள என்ன?" என்று கேட்டதும் அவன் தொண்டையைக் கனைத்தான்.

"உள்ள ஒரு படகு கீது. படகுல சாம்பல் கீது. சாம்பல் எங்கேந்து வந்துச்சின்னு கேளு."

"எங்கேர்ந்து வந்துச்சு?" என்றது கூட்டம் மொத்தமும்.

"நல்லாக் கேளு!"

"எங்கேர்ந்து வந்துச்சு?"

அவன் ஒரு கையால் மேடைக்கு மேலே இருந்த பேனரைக் காட்டிவிட்டு, மறு கையால் இடுப்பு மட்டத்தை அளந்தான். "ஆத்துல இந்த மட்டும் தண்ணி நின்னுச்சிம்மா. இப்ப கணுக்கால் நனையல. இறாலு இன்னா பண்ணும், செருப்பு போட்டுகினு நடக்குமா?" என்றான். சிரிப்பு. விசில். ஒரு பையன் அவன் காலடியில் மண்டியிட்டு வீடியோ எடுத்தான்.

அருள்பிரகாசம் வந்து அவன் வாயைத் தன் கையாலேயே பொத்தினார். "பேசாத. ஒரு வார்த்த பேசாத. கும்புடறேன். வந்துட்டாரு, வாசல்ல வந்துட்டாரு."

சுப்புராயன் தலையை ஆட்டினான். அவர் கையை எடுத்ததும், தன் வாய் மேலே தனக்கே நம்பிக்கை இல்லாதவன் மாதிரி, தன் கையாலேயே தன் வாயைப் பொத்திக்கொண்டு கருப்புப் பாலிதீன் பக்கத்தில் விறைப்பாக நின்றான்.

கம்பெனிப் பெரியவர் மாலையோடு வந்தார். நல்ல உயரம், நல்ல சிரிப்பு. வழியில் எல்லாவற்றையும் பார்த்துத் தலையசைத்தார். எங்கள் உருப்படிக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். கருப்பாக ஒரு மலை, பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு ஓர் ஆள், சுற்றிலும் மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு கூட்டம்.

"இது என்ன சொல்ல வருது?" என்று கேட்டார்.

சுப்புராயன் வாயைப் பொத்தியபடியே அருள்பிரகாசத்தைப் பார்த்தான். கண்ணாலேயே, சொல்லலாமா என்று கேட்டான். அருள்பிரகாசம் முந்திக்கொண்டார். சட்டையில் கருப்புப் பெயிண்ட், கையில் என் பிரஷ். "மௌனம் சார்," என்றார். "மௌனத்தைப் பத்தின படைப்பு."

"ஆகா," என்றார் பெரியவர். "ரொம்ப ஆழம். இந்த மாதிரிதான் வேணும். யாரையும் புண்படுத்தாம." சுப்புராயன் தோளில் கையைப் போட்டுப் படம் எடுத்துக்கொண்டார். கூட்டம் சிரிப்பை அடக்கி அடக்கிச் சிவந்துபோயிற்று. ஒரு பையனுக்கு விக்கல் வந்துவிட்டது. கார்குழலி மட்டும் சிரிக்கவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் சத்தம் கேட்டது. "ஏய் குழலி! எங்கடி எம்பறி?"

குப்பம்மா வந்துவிட்டாள். பின்னாலேயே தெருவே வந்துவிட்டது. பட்டுப்புடவை கட்டின பெண்கள், தலை நிறையப் பூ, தோளில் குழந்தை. கல்யாணத்துக்கு வருகிற மாதிரிதான் வந்திருந்தார்கள். படகு இருக்கும் என்று நினைத்து வந்தவர்கள் கருப்புப் பாலிதீனைப் பார்த்து நின்றார்கள்.

"இன்னாடி இது, எழவு வூடு மாதிரி மூடி வெச்சிக்கீற?"

கார்குழலி பாலிதீனைத் தொட்டுக் காட்டினாள். "உள்ளதாம்மா கீது. தொறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

"யாரு சொன்னது?"

அவள் யாரையும் காட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். பின்னாலிருந்து ஒருத்தி, "அப்பவே சொன்னேன் குப்பம்மா, குடுக்காதன்னு. படிச்ச பொண்ணு பீலா உட்டிச்சு, நம்பினோம்," என்றாள். கார்குழலியின் காது வரைக்கும் சிவந்தது.

அப்போது மேஸ்திரி முன்னால் வந்தார். வாயில் வெற்றிலை. அதை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு, "நீதான் குப்பம்மாவா?" என்று கேட்டார்.

"ஆமா நைனா."

"காத்திவாக்கமா?"

"பின்ன எந்த ஊரு?"

"பரசு, கயித்த அவுத்துடு," என்றார் மேஸ்திரி.

அருள்பிரகாசம் பாய்ந்து வந்தார். "இன்னா பண்றீங்க?"

"பெறுறவங்க வந்துட்டாங்க சார். சரக்குக்காரங்க நேர்ல வந்து நின்னப்புறம் கட்டி வெச்சா திருட்டு சார் அது. நாளைக்கு எங்க கேங்குக்குத்தான் கெட்ட பேரு."

நான் அவிழ்த்தேன். முதலில் கருப்பு வந்தது. அடியில் வெள்ளை, அதில் என் எழுத்து, கோடு இழுத்த கம்பெனிப் பேரோடு. பெரியவர் அதைப் படித்தார். தோளில் போட்டிருந்த கையைச் சுப்புராயனிடமிருந்து எடுத்துக்கொண்டார். வெள்ளை போனதும் தார்ப்பாய், அதிலும் அதே பேர். தார்ப்பாயையும் இழுத்தோம். சாம்பல் கொஞ்சம் பறந்து, விளக்கு வெளிச்சத்தில் புகை மாதிரி நின்றது. படகு, பறிகள், பேர்கள்.

"எம்பேரு எது?" என்றாள் குப்பம்மா. மகள் காட்டினாள். அவள் அந்த அட்டையை விரலால் தடவினாள். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருத்தியும், "என்னுது எது, என்னுது எது?" என்று நெருக்கினார்கள். பீலா என்று சொன்னவளும் முழங்கையால் இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

பெரியவரின் சிரிப்பு போய்விட்டது. "உடனே மூடுங்க," என்றார்.

குப்பம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "மூடிக்க சாமி. தார்ப்பாய் உன்னுது, எடுத்துக்கோ. பறி என்னுது, நான் எடுத்துக்கறேன்."

பறியை எடுத்தாள். சாம்பலோடு எடுத்தாள். ஆற்றில் இறங்கினால் இரண்டு கையாலும் சேற்றைத் தடவித்தான் இறால் பிடிக்க வேண்டும், பறியைப் பிடிக்கக் கை இருக்காது. அதனால் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். பழக்கம். குப்பம்மா பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகினாள், கயிற்றைப் பல்லில் கடித்தாள், இடுப்பில் ஒரு குழந்தையை வாங்கிக்கொண்டாள், வாசலைப் பார்த்து நடந்தாள். அடுத்தவளும் கடித்தாள். அதற்கடுத்தவளும். ஆற்றில் போகிற மாதிரியே ஒருத்தி பின்னால் ஒருத்தி. மாலை போட்டவரைத் தாண்டி, மைக்கைத் தாண்டி, புதுக் கம்பளத்தின் மேலே சாம்பல் கோடு இழுத்துக்கொண்டு நடந்தார்கள். ஒரு சத்தம் இல்லை. பல்லில் கயிறு இருந்தால் எப்படிப் பேசுவது?

"நிறுத்துங்க அவங்களை!" என்றார் பெரியவர்.

அருள்பிரகாசம் அவரைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். "என்னான்னு சொல்லி நிறுத்தறது சார்?" என்றார். "அவங்க ஒண்ணும் பேசலியே." சொல்லிவிட்டு என்ன நினைத்தாரோ, ஓடிப்போய் வாசல் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டார். ஒரு கிழவியின் பறி கதவில் இடித்துவிடப் போகிறது என்று கையைக் கொடுத்துக் காத்தார்.

கூட்டம் மொத்தமும் பின்னாலேயே வெளியே வந்தது. உள்ளே டிவி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

வெளியே வந்ததும் பெண்கள் பறியை வாயிலிருந்து எடுத்தார்கள். எடுத்தவுடன் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். காதில் விழுந்ததெல்லாம் சிரிப்புதான். உதட்டிலெல்லாம் சாம்பல். "குழலி, நான் நடந்தது வீடியோல வந்துச்சாடி?" என்று கேட்டாள் ஒருத்தி. பீலா என்று சொன்னவள்தான். கார்குழலி அவளைக் கட்டிக்கொண்டாள். அம்மாவிடம் போனாள். குப்பம்மா, "துப்பட்டால வாயத் தொடச்சி உடு, கலீஜா கீது," என்று முகத்தை நீட்டினாள்.

வேனில் ஆட்களுக்கே இடம் பற்றவில்லை, பறிக்கு எங்கே இடம்? ஜன்னல் கம்பியில் வெளிப்பக்கமாக வரிசையாகக் கட்டினோம். முன்னால், பின்னால், ஏணியில், பேர் அட்டை வெளியே தெரிகிற மாதிரி. சரக்கு சொந்தக்காரர் வீட்டில் இறங்குகிற வரைக்கும் கேங்கும் கூடப் போக வேண்டும் என்றார் மேஸ்திரி. அப்படி ஒரு சட்டம் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். படிக்கட்டில் தொற்றிக்கொண்டோம். காலேஜ் பிள்ளைகள் பைக்கில் பின்தொடர்ந்தார்கள்.

எண்ணூர் போகிற சாலையைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துறைமுகத்துக்குப் போகிற ட்ரெய்லர் லாரிகள் ஒன்றன் பின்னால் ஒன்றாக நின்றால், விடிகிற வரைக்கும் நிற்கும். தண்டையார்பேட்டையில் நின்றோம். திருவொற்றியூரில் நின்றோம். நின்ற இடத்திலெல்லாம் கூட்டம். பூக்காரம்மா கேட்டாள், டீக்கடையில் டீயோடு எழுந்து வந்து கேட்டார்கள், ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் சைக்கிளை நிறுத்திக் கேட்டார்கள். ஜன்னல் ஜன்னலாகப் பெண்கள் பதில் சொன்னார்கள். ஆளுக்கொரு கதை. சுப்புராயனுக்கு வாயைத் திறக்கவே இடம் கிடைக்கவில்லை. பாவம், பேஜாராகிவிட்டான்.

கார்குழலியின் போன் அடித்தது. அருள்பிரகாசம். அவள் ஸ்பீக்கரில் போட்டாள். "கார்குழலி, அவரு கோவமா கெளம்பிட்டாரு. அடுத்த வருஷம் விழா இருக்குமான்னே தெரியல. உன்னை இனிமே எந்த விழாவுலயும் கூப்புடக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போறாரு." போனை வைக்கவில்லை. "நான் மத்தியானம் மணல்னு சொன்னேன் பாரு, அத்த மனசுல வெச்சிக்காதம்மா."

எந்த விழாவுலயும் என்ற வார்த்தை கார்குழலியைக் குத்தியது என்பது முகத்திலேயே தெரிந்தது. குப்பம்மா போனைப் பிடுங்கினாள். "யாரு, கதவப் புடிச்சிகினு நின்ன புள்ளயா? நாஷ்டா துன்னியா நீ? நாளைக்கு வூட்டாண்ட வா. இறால் கெடச்சா இறாலு, கெடைக்கலன்னா கருவாடு. இந்தப் பறிய எல்லாம் எங்க தெருவுல வல காயவெக்கிற கயித்துல கட்டப்போறோம். வெளக்கு போட உங்கிட்ட ஆளு கீதா?"

"கீது ஆயா," என்றது முழுப் பெரம்பூர்.

எங்களுக்குப் பக்கத்தில் நின்ற ட்ரெய்லர் டிரைவர் மேலேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். தலையை வெளியே நீட்டி, "எம்மா, நாளைக்கு எத்தினி மணிக்குத் தொறப்பீங்க?" என்று கேட்டான்.

"தொறக்கறதுக்கு அங்க கதவு எங்க கீது?" என்றாள் குப்பம்மா. "நீ எப்ப வேணா வா நைனா."

கார்குழலி சிரித்துவிட்டாள். டிரைவர் ஹாரனை அமுக்கினான். பின்னால் நின்றவன் எதற்கென்று தெரியாமலே அவனும் அமுக்கினான், அவனுக்குப் பின்னால் நின்றவனும் அமுக்கினான். எர்ணாவூர் வரைக்கும் நின்ற அத்தனை லாரியும் கத்தியது. வண்டி ஓர் அங்குலம் நகரவில்லை.